எந்தப் பனிக்கு எந்தக் கட்டை?

கடந்த மார்கழி மாதம் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலிருந்து வாசகர் ஒருவர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அரசியல் பற்றிய கேள்வியாக இருக்கும் என்று எண்ணியே திறந்தேன். அவர் கேட்டிருந்ததோ வேறு. பதினைந்து வயதான தமது மகன் பாடசாலை நண்பர்களோடு பனிச்சறுக்கப் பழகிவிட்டதாகவும், சொந்தமாக ஒரு சோடி ஸ்கி வாங்கித் தருமாறு அடம்பிடிப்பதாகவும், 'எல்லா மலைக்கும் எல்லாப் பனிக்கும் ஏற்றது' என்று சொல்லிக் கடைக்காரர் ஒரு சோடியைக் காட்டியதாகவும், அதன் விலையைக் கேட்டதும் தமக்குத் தலை சுற்றியதாகவும் எழுதியிருந்தார். "ஐயா, அப்படி எல்லாப் பனிக்கும் ஏற்ற ஒன்று உண்மையில் இருக்கிறதா? நீங்கள் நோர்வே சென்று வந்தபோது இதுபற்றி ஏதோ எழுதியதாக ஞாபகம்" என்று முடித்திருந்தார்.

அவருடைய ஞாபகம் சரியானது. நான் எழுதியது சிறு குறிப்பு மட்டுமே. ஸ்கியில் ஏறிய அனுபவம் எனக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஏறத்தாழ நாற்பது விநாடிகள் நீடித்தது. எனினும் அந்தக் கட்டைகளின் வரலாறு முப்பது ஆண்டுகளாக என்னை விடாது தொடர்ந்து வந்திருக்கிறது. அதற்குக் காரணம் நான் செய்த ஒரு மொழிபெயர்ப்புப் பிழை.

1994 பெப்ரவரி. கொழும்பில் தமிழ் நாளிதழ் ஒன்றில் துணை ஆசிரியனாகச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. நோர்வேயின் லில்லெஹாமர் நகரில் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றுக்கொண்டிருந்தன. விளையாட்டுப் பக்கத்தில் ஒரு மூலை காலியாக இருந்தபடியால் செய்தி நிறுவனம் அனுப்பிய ஒரு செய்தியைத் தமிழாக்கும் பொறுப்பு இரவுப் பணியிலிருந்த என் தலையில் விழுந்தது. அந்த ஆங்கிலச் செய்தியில் பனியைக் குறிக்க நான்கைந்து வெவ்வேறு சொற்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் எனக்குத் தெரிந்தது ஒரே சொல்தான். விளைவாக, 'பனியின் மேல் பனி பெய்தமையால் பனி கெட்டுவிட்டது' என்ற பொருள்படும் ஒரு வாக்கியம் பிறந்தது.

செய்தி ஆசிரியர் அதனை இரண்டு தடவை வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, இது எந்தப் பனி? ஊரில மார்கழி விடியக்காலை கொட்டுற பனியோ, நுவரெலியாவில புல்லில படியிற பனியோ?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தச் செய்தி வெளிவரவில்லை. அதற்குப் பதிலாகப் போட்டியின் அடையாளச் சின்னங்களுள் ஒன்றான, கோட்டுருவ மனிதன் நீண்ட கட்டையொன்றில் நிற்கும் சிறு படத்தைப் போட்டு மூலையை நிரப்பினோம்.

தமிழில் பனி என்பது பனித்துளியும்தான், மூடுபனியும்தான், வானத்திலிருந்து பஞ்சுபோல் விழுவதும்தான். இது மொழியின் குறையன்று; எங்கள் முன்னோருக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை. தேவைப்பட்ட இடத்தில் சொல்லுக்குப் பஞ்சமிருக்கவில்லை. வடபகுதிக் கடற்றொழிலாளரிடம் காற்று என்று பொதுவாகச் சொன்னால் சிரிப்பார்கள். வாடையா, சோழகமா, கச்சானா, கொண்டலா என்று கேட்பார்கள். கட்டுமரம் ஏன், வள்ளம் ஏன், ஆழமற்ற களப்பில் தோணி ஏன் என்பதற்கு அவர்களிடம் விளக்கம் உண்டு. பனியில் வாழ்ந்த மக்களுக்கும் அப்படித்தான். ஸ்கன்டிநேவியாவின் வடக்கே கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் மொழியில் பொதுவான பனிக்கு 'முஒஹ்தா' என்று பெயர். மனிதரையும் விலங்கையும் தாங்கக்கூடியவாறு மேற்பரப்பு இறுகிய பனிக்கு வேறு பெயர். பழைய பனியின் மேல் புதிதாய் விழுந்த தளர்ந்த பனிக்கு வேறு பெயர். அடியில் சீனிபோல் மணிமணியாக உதிர்ந்து கிடப்பதற்கு வேறு பெயர். மேய்ச்சல் நிலத்தின் மேல் படிந்து கலைமானின் வாய்க்குப் புல் எட்டாமற் செய்யும் பனிக்கட்டிப் படலத்துக்கு இன்னொரு பெயர். கடைசியாகச் சொன்னது அவர்களுக்குப் பஞ்சத்தின் பெயர். இத்தகைய சொற்கள் நூற்றுக்கணக்கில் பதிவு செய்யப்பட்டுள்ளன.

பனி ஒன்றல்ல என்பதை விளங்கிக்கொண்டால் ஸ்கியின் வரலாறும் விளங்கும்.

2003ஆம் ஆண்டு குளிர்காலத்தில் ஒஸ்லோவுக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. சமாதானப் பேச்சுக்களின் காலம் அது. நோர்வே என்ற பெயர் எங்கள் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் நாள்தோறும் இடம்பிடித்தது. எனது பெரியப்பாவின் மகன் அங்கே இருந்தார். 1980களில் எங்கள் இளைஞர் பலர் நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தனர் அல்லவா, அவர்களுள் ஒருவர். பின்னர் தலைநகருக்கு இடம்பெயர்ந்திருந்தார். கிடைத்த ஒரு ஓய்வு நாளில் அவர் என்னைப் புகையிரதத்தில் ஏற்றி ஹொல்மன்கொல்லன் குன்றுக்கு அழைத்துச் சென்றார். அங்கே 1923இல் திறக்கப்பட்ட ஸ்கி அருங்காட்சியகம் இருக்கிறது. ஸ்கி என்று நாங்கள் சொல்வதை நோர்வேஜியர் 'ஷீ' என்றே உச்சரிக்கின்றனர் என்பதை அன்றுதான் அறிந்தேன். பழைய நோர்ஸ் மொழியில் பிளந்த மரத்துண்டு என்பதே அச்சொல்லின் பொருள். ஆகவே 'பனிச்சறுக்குக் கட்டை' என்று தமிழில் நாம் எழுதுவது ஏறக்குறைய மூலத்துக்கு நெருங்கியதே.

அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சோடி என்னை நிறுத்தியது. ஒரு கட்டை மிக நீளம்; மற்றது குட்டை. பழுதடைந்த சோடி என்று நினைத்தேன். அப்படியல்ல என்று அண்ணன் சொன்னார். வேண்டுமென்றே அவ்வாறு செய்யப்பட்டது அது. ஸ்கன்டிநேவியாவின் பல பகுதிகளிலும் பின்லாந்திலும் நூற்றாண்டுகளாக இந்த முறை வழங்கியிருக்கிறது. நீண்ட கட்டை வழுக்கிச் செல்வதற்கு. குட்டைக் கட்டையின் அடியில் விலங்கின் தோல் மயிரோடு பொருத்தப்பட்டிருக்கும். மயிர் பின்னோக்கிப் படிந்திருப்பதால் முன்னே செல்லும்போது வழுக்கும். பின்னே உதைக்கும்போது பனியைக் கௌவும். ஒரு காலால் உதைத்து மறு காலில் மிதந்து செல்வான் வேட்டைக்காரன். கையில் ஒரேயொரு நீண்ட கோல்.

வழுக்கவும் வேண்டும், வழுக்காமல் பிடிக்கவும் வேண்டும். தளர்ந்த பனியில் தாழக்கூடாது, இறுகிய பனியில் இழுபடக்கூடாது. ஒன்றுக்கொன்று முரணான இந்தத் தேவைகளை ஒரே கட்டையில் தீர்க்க இயலாது என்று கண்டு, இரு கால்களுக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டார்கள். கடைக்காரர் இன்று 'எல்லாப் பனிக்கும்' என்று விற்கும் பொருளின் மூதாதை இதுவென்றே நான் கருதுகிறேன்.

இக்கட்டைகள் எவ்வளவு பழையவை? ரஷ்யாவின் கோமி பகுதியில், சிந்தோர் ஏரிக்கு அருகே விஸ் என்ற இடத்தில், 1960களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட துண்டுகள் ஏறத்தாழ 8,000 ஆண்டுகள் பழையவை. அவற்றுள் ஒன்றின் நுனியில் காட்டு மானின் தலை செதுக்கப்பட்டிருக்கிறது. அழகுக்கு மட்டுமன்று, பின்னோக்கி வழுக்குவதைத் தடுக்கவும் அது உதவியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. சுவீடனின் கல்வ்திரெஸ்க் என்ற ஊரில் 1924இல் சேற்று நிலத்திலிருந்து கிடைத்த சோடி 5,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அதனோடு கிடைத்த கோலின் ஒரு முனை மண்வெட்டிபோல் அகன்றிருக்கிறது. மத்திய ஆசியாவின் அல்தாய் மலைகளில் அடிப்புறம் குதிரைத்தோல் போர்த்திய ஸ்கிகளை இன்றும் செய்து பயன்படுத்துகின்றனர். தாங் வம்சக் காலச் சீன வரலாற்றேடுகள் இத்தகைய மக்களை 'மரக்குதிரை' என்ற அடைமொழியோடு குறிப்பிடுகின்றன. ஸ்கி பிறந்தது எங்கள் மண்ணிலேயே என்று சீனாவும் உரிமை கோருகிறது. அங்குள்ள பாறை ஓவியத்தின் வயது பற்றி அறிஞரிடையே உடன்பாடில்லை. யார் முதல் என்ற வழக்கு எல்லா இனத்தவரிடமும் உண்டு போலும்.

பாறை ஓவியம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நோர்வேயின் நூர்லாந்து மாவட்டக் கரையோரத் தீவொன்றில், நீண்ட கட்டைகளில் நிற்கும் மனிதனைக் காட்டும் பாறைச் செதுக்கல் இருந்தது. நாலாயிரம், ஐயாயிரம் ஆண்டுகள் பழையது. 1994இல் எங்கள் பத்திரிகையின் காலி மூலையை நிரப்பிய அந்தக் கோட்டுருவ மனிதனுக்கு மாதிரியாக அமைந்தது அதுதான் என்பதை அருங்காட்சியகத்தில் வைத்தே அறிந்தேன். 2016இல் இளைஞர் இருவர், கோடுகள் தெளிவாகத் தெரியட்டும் என்ற நல்லெண்ணத்தோடு கூரிய பொருளால் அதன் மேல் கீறி, அதனை மீட்க முடியாதவாறு பழுதாக்கிவிட்டனர். அந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இனி, பத்திரிகையாளன் என்ற வகையில் என் மனத்துக்கு மிக நெருக்கமான கதைக்கு வருகிறேன்.

1883இல் சுவீடனைச் சேர்ந்த ஆய்வுப் பயணி நூர்டன்ஷோல்ட் கிறீன்லாந்தின் உட்பகுதியை நோக்கிச் சென்றார். இளகிய ஈரப்பனியில் சறுக்குவண்டிகள் மேலே செல்ல இயலாது சிக்கிக்கொண்டன. குழுவிலிருந்த இரு சாமி இனத்தவரான லார்ஸ் துவோர்தா, அண்டெர்ஸ் ரஸ்ஸா ஆகியோரை ஸ்கியில் கிழக்கு நோக்கி அனுப்பினார். 57 மணித்தியாலங்களின் பின்னர் அவர்கள் திரும்பி வந்து, 230 கிலோமீற்றர் போய் 230 கிலோமீற்றர் திரும்பி வந்ததாகக் கூறினர். நூர்டன்ஷோல்ட் நம்பினார். ஐரோப்பாவின் படித்த உலகம் நம்பவில்லை. கலைமான் மேய்ப்பவருக்குத் தூரத்தை அளக்கத் தெரியுமா என்பதே அவர்களுடைய ஏளனத்தின் அடியில் இருந்த கேள்வி.

நூர்டன்ஷோல்ட் விவாதித்துக்கொண்டிருக்கவில்லை. 1884 ஏப்ரல் மாதத்தில், சுவீடனின் வடக்கே யொக்மொக் பகுதியில் 220 கிலோமீற்றர் ஓட்டமொன்றை ஒழுங்கு செய்தார். துவோர்தா அதில் கலந்துகொண்டு 21 மணித்தியாலம் 22 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். ஏளனம் அடங்கியது. ஆனால் ஒருவருடைய சொல்லுக்கு மதிப்புக் கிடைக்க அவர் 220 கிலோமீற்றர் ஓடிக்காட்ட வேண்டியிருந்தது என்பதை நினைக்கையில் எனக்கு இன்றும் மனம் கசக்கிறது. சாட்சியத்தின் எடையை, சொல்பவரின் இனத்தையும் உடையையும் பார்த்து நிறுக்கும் வழக்கத்தை நாங்களும் போதிய அளவு கண்டவர்கள்.

அந்தச் செய்தி நாளிதழொன்றில் வெளியாகியிருந்தது. 1883 இலையுதிர்காலத்தில் ஒரு மாலை அதனைக் கேட்டுக்கொண்டிருந்த நோர்வே இளைஞர் ஒருவருக்கு, ஸ்கியில் கிறீன்லாந்தைக் குறுக்காகக் கடக்கலாமே என்ற எண்ணம் தோன்றியது. அவர்தான் பிரிட்ஜொப் நான்சன். 1888இல் ஆறு பேர் கொண்ட குழுவோடு கிழக்கிலிருந்து மேற்காக அவர் அதனைக் கடந்தார். அந்த அறுவரில் பால்தோ, ராவ்னா என்ற இருவர் சாமி மக்கள். நான்சன் எடுத்துச் சென்ற ஸ்கிகள் எல்லாம் ஒரே வகையல்ல. சில ஓக் மரத்தாலானவை. ஏனையவை பேர்ச் மரத்தாலானவை. இவற்றின் அடியில் மெல்லிய உருக்குத் தகடு பொருத்தி, பாதத்துக்கு நேர்கீழே மயிருடன் கூடிய காட்டுமான் தோற்பட்டி ஒன்றையும் வைத்திருந்தார். ஈரப்பனி மரத்தில் ஒட்டாதிருக்கத் தகடு. ஏற்றத்தில் பின்வாங்காதிருக்கத் தோல். இரு கால்களுக்குப் பகிரப்பட்டிருந்த வேலையை அவர் ஒரே கட்டைக்குள் கொண்டுவந்துவிட்டார். 1890இல் வெளியான அவருடைய பயண நூல், ஸ்கியை ஐரோப்பா முழுவதற்கும் அறிமுகம் செய்தது.

அந்த நூலை வாசித்து நோர்வேயிலிருந்து ஒரு சோடியை வரவழைத்தவர்களுள் ஒருவர் ஆஸ்திரியாவின் லிலியன்பெல்ட் ஊரில் வாழ்ந்த மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி. வந்த கட்டையோ மூன்று மீற்றரை நெருங்கிய நீளம். நோர்வேயின் அலையலையான மேடுகளுக்கு அது பொருந்தியது. அல்ப்ஸ் மலையின் செங்குத்தான சரிவில், மரங்களுக்கிடையே, அதனைத் திருப்புவது எப்படி? ஸ்டார்ஸ்கி கட்டையைக் குறுக்கினார். குதிக்கால் ஆடாதவாறு உலோகப் பிணைப்பொன்றைச் செய்தார். 1890களின் பிற்பகுதியில் தமது முறையை நூலாக வெளியிட்டார். நோர்வே முறையே மேல் என்போருக்கும் அவருடைய சீடர்களுக்கும் இடையே நடந்த வாய்ச்சண்டை பல ஆண்டுகள் நீடித்தது. இரு பக்கத்தாரும் தத்தம் மலையில் நின்றபடி பேசியமையால் இரு பக்கத்தாரும் சரியே.

நோர்வேயிலும் எல்லாரும் நீண்ட கட்டையோடு நின்றுவிடவில்லை. ரெலிமார்க் மாவட்டத்தின் மொர்கெடால் என்ற சிற்றூரில் 1825இல் பிறந்த சொன்ட்ரெ நூர்ஹைம் ஓர் ஏழைக் குடியானவர். கட்டையின் நடுப்பகுதியை இடைபோல் ஒடுக்கினார். மரக்கொடியை முறுக்கிக் குதிக்காலைச் சுற்றிப் பிணைத்தார். இடை ஒடுங்கிய கட்டையைச் சரித்து அழுத்தினால் அதன் விளிம்பு வில்லாய் வளைந்து தானாகவே திரும்பும். 1868இல், 42 வயதில், தலைநகருக்குச் சென்று போட்டியில் இளைஞரையெல்லாம் வியக்க வைத்தார். வறுமை விடவில்லை. 1884இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1897இல் வட டக்கோட்டாவின் சமவெளியில் இறந்தார். மலையே இல்லாத நாட்டில் ஸ்கியின் தந்தை என்று கொண்டாடப்படுபவரின் கல்லறை இருக்கிறது. ஆனால் 1994 லில்லெஹாமர் போட்டிகளுக்காக மொர்கெடாலில் அவருடைய வீட்டு அடுப்படியில் தீபம் ஏற்றினார்கள். புலம்பெயர்ந்தவரை ஊர் நினைவுகூர்வதற்கு அவர் இறந்து நீண்ட காலம் ஆகவேண்டும் போலும்.

பனியை அறியாமல் நடந்த விபரீதத்துக்குத் தென்துருவமே சாட்சி. நோர்வேயின் அமுண்ட்சன் 1911 டிசெம்பர் 14இல் அங்கு சென்றடைந்தார். அவருடைய குழுவில் மொர்கெடாலில் பிறந்த ஸ்கி வீரரான ஒலாவ் பியோலன்ட் இருந்தார். பிரித்தானியத் தளபதி ஸ்கொட் 1912 ஜனவரி 17இல் போய்ச் சேர்ந்தார். ஸ்கொட்டின் குழுவிலும் ஸ்கி இருந்தது. கற்றுக்கொடுக்க நோர்வே இளைஞரான திரிக்வெ கிரான் கூட வந்திருந்தார். ஆனால் அதன்மீது முழு நம்பிக்கை இருக்கவில்லை. கடைசிக் கட்டத்தில், ஸ்கிகளை வழியில் விட்டுவிட்டு வந்திருந்த பவர்ஸ் என்பவரைத் துருவக் குழுவில் ஐந்தாமவராகச் சேர்த்தார் ஸ்கொட். நால்வர் ஸ்கியில், ஒருவர் பனியில் புதையும் கால்களோடு. திரும்பும் வழியில் பனி மணலைப்போல் இழுத்தது. ஐவரும் மடிந்தனர்.

மணலைப்போல் என்பது வெறும் உவமையன்று. 1939இல் பௌடன், ஹியூஸ் என்ற கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் இருவர் சுவிற்சர்லாந்தின் யுங்பிராவ்யோக் சிகரப் பகுதியில் நடத்திய பரிசோதனைகளையும் சேர்த்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். உராய்வால் எழும் வெப்பம் பனியை மிக மெல்லியதாக உருக்குகிறது. அந்த நீர்ப்படலத்தின் மேல்தான் ஸ்கி வழுக்குகிறது என்பது அவர்களது முடிவு. மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகளின் அசைவே முக்கியம் என்று பிற்கால ஆய்வுகள் திருத்தம் கூறினாலும் விளைவு ஒன்றுதான்: குளிர் மிக அதிகமானால் பனி வழுக்காது. 1912 மார்ச் மாதத்துக் குளிர் அப்பகுதிக்கும் வழமையை மீறியது என்பதை வளிமண்டல விஞ்ஞானி சூசன் சொலமன் 2001இல் வெளியிட்ட நூலில் காட்டியுள்ளார்.

எனவேதான் மெழுகு. முற்காலத்தில் பைன் மரத் தார் பூசினார்கள். உருகி மீண்டும் உறைந்த பனிக்கென்று பசைபோன்ற 'கிளிஸ்டர்' 1913இல் வந்தது. 1946இல் சுவிக்ஸ் நிறுவனம் வெப்பநிலைக்கேற்ப நிறம் பிரித்த மெழுகுகளை விற்கத் தொடங்கியது: கடுங்குளிருக்குப் பச்சை, அடுத்து நீலம், இளக்கத்துக்குச் சிவப்பு. புளோரின் சேர்ந்த மெழுகுகள் பின்னாளில் வேகத்தைக் கூட்டின. சூழலில் அழியாது தங்கும் நஞ்சு என்று கண்டு சர்வதேச ஸ்கி சம்மேளனம் 2023-24 பருவத்திலிருந்து போட்டிகளில் அவற்றை முற்றாகத் தடைசெய்தது.

இடைப்பட்ட காலத்தை விரைந்து கடக்கிறேன். 1926இல் சால்ஸ்பேர்க்கைச் சேர்ந்த ருடொல்ப் லெட்னர் ஸ்கியின் ஓரத்தில் உருக்கு விளிம்பு பொருத்தினார். இறுகிய பனியில் பிடிமானம் கிடைத்தது. அமெரிக்க விமானப் பொறியியலாளர் ஹவார்ட் ஹெட் 1947இல் மரத்துக்கு வெளியே அலுமினியம் ஒட்டிச் செய்யத் தொடங்கி, உடைந்தவை போக, 1950இல் உறுதியான ஸ்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். (அகன்ற தலை கொண்ட டெனிஸ் மட்டையைப் பிற்காலத்தில் உருவாக்கியவரும் இவரே.) பிறகு கண்ணாடியிழை வந்தது.

நூர்ஹைமின் ஒடுங்கிய இடை, நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சில மில்லிமீற்றரிலேயே நின்றுவிட்டது விந்தை. 1990களின் தொடக்கத்தில் சுலோவேனியாவின் எலான் நிறுவனத்தில் யூரி பிராங்கோ என்ற பொறியியலாளர் அந்த இடையை வெகுவாக ஒடுக்கினார். 1993இல் அது வெளிவந்தது. சில ஆண்டுகளுக்குள் பழைய நேர்க்கட்டைகள் வழக்கொழிந்தன. இதில் ஒரு பொருத்தம் உண்டு. அதே நாட்டின் புளோக்கே மேட்டுநிலத்துக் குடியானவர்கள் குறுகிய கட்டைகளில் பாம்புபோல் வளைந்து வளைந்து சரிவில் இறங்குவதை வல்வசோர் என்ற அறிஞர் 1689ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்த மாற்றம் அகலத்தில் நிகழ்ந்தது. ஆழமான தூள்பனியில் ஒடுங்கிய கட்டை மூழ்கும். 1980களின் இறுதியில் அட்டொமிக் நிறுவனத்தின் ரூபேர்ட் ஹூபர், பனிப்பலகையொன்றை நெடுக்கில் இரண்டாக அறுத்தாற்போன்ற அகன்ற ஸ்கியைச் செய்தார். கிழவர்களுக்கானது என்று இளைஞர் நகைத்தனர். பின்னர் ஷேன் மக்கொன்கி என்ற சாகச வீரர் இன்னும் ஒரு படி சென்றார். தூள்பனி திண்மத்தை விடத் திரவத்துக்கே நெருக்கமானது. படகின் அடிப்புறம் போலன்றோ கட்டை இருக்கவேண்டும் என்று கேட்டார். அலாஸ்காவின் பனியில் நீர்ச்சறுக்குக் கட்டைகளையே அணிந்து இறங்கிக் காட்டினார். நடு அகன்று, இரு முனையும் மேல் வளைந்த ஸ்கியொன்று அவருடைய யோசனைப்படி 2000களின் தொடக்கத்தில் வெளிவந்தது. அவர் 2009இல் இத்தாலியின் டொலமைட் மலைகளில் பாய்ச்சலொன்றின்போது, ஸ்கிகளுள் ஒன்று கழலாமற் போனதால் உயிரிழந்தார்.

இன்றைய 'எல்லா மலைக்கும்' வகை இவையெல்லாம் கலந்த கலவை. முனைகள் படகுபோல் சற்று மேல்வளைந்திருக்கும், தளர்ந்த பனியில் மிதக்க. நடுப்பகுதி மெல்லிய வில்லாய் உயர்ந்திருக்கும், இறுகிய பனியில் விளிம்பு முழுவதும் அழுந்த. காலுக்குக் கீழேயுள்ள அகலம் 85 முதல் 100 மில்லிமீற்றர் வரை. அதற்குக் குறைந்தால் இறுக்கி உருட்டிய ஓடுபாதைக்கு நன்று. 105ஐத் தாண்டினால் ஆழத் தூள்பனிக்கு நன்று. நடுவிலுள்ளது எதிலும் தோற்காது, எதிலும் முதலாவதாகவும் வராது. வேகமும் விளிம்புப் பிடியும் வேண்டுபவர் ஒன்றை இழக்கிறார். மிதப்பு வேண்டுபவர் வேறொன்றை இழக்கிறார். விற்பவர் இந்த இழப்பைச் சொல்வதில்லை என்பதுதான் என் முறைப்பாடு. சமவெளியில் நடக்கும் ஸ்கிகளிலோ அண்மை ஆண்டுகளில் பாதத்தின் கீழ் மயிர்ப்பட்டி ஒட்டியவை மீண்டும் பரவலாகியுள்ளன. நான்சனின் மான்தோல் செயற்கை இழையோடு கலந்து திரும்பியிருக்கிறது.

ஒஸ்லோவில் அண்ணன் வீட்டுக் கொட்டிலில் நான்கு பேருக்கு ஒன்பது சோடி ஸ்கிகள் இருந்தன. "இதெல்லாம் ஏன் அண்ணை?" என்று கேட்டேன். "வள்ளக்காரனிட்ட ஏன் இத்தனை வலை எண்டு கேப்பியோ?" என்றார். மறுநாள் காலை அவருடைய பத்து வயது மகள் என் காலில் ஒரு சோடியை மாட்டிவிட்டாள். இரவு மழை தூறி விடியலில் உறைந்திருந்தது. அவள் பனியைக் கையால் தொட்டுப் பார்த்து, "சித்தப்பா, இண்டைக்கு இந்த மெழுகு பிடிக்காது" என்றாள். நான் கேட்கவில்லை. அந்த நாற்பது விநாடிகளை ஏற்கெனவே குறிப்பிட்டுள்ளேன்.

நோர்வேயின் ரைன்ஹைமன் மலைப்பகுதியில், டிகர்வார்டன் என்ற பனித்திட்டின் ஓரத்தில், 2014இல் தொல்லியலாளர் ஒரு ஒற்றை ஸ்கியைக் கண்டெடுத்தனர். கால் பிணைப்போடு கிடைத்த அது 1,300 ஆண்டுகள் பழையது. அதன் சோடி பனிக்குள்ளேதான் இருக்கவேண்டும் என்று நம்பி, பனி உருகும் ஒவ்வோர் ஆண்டும் கண்காணித்தனர். ஏழு ஆண்டுகளின் பின்னர், 2021 செப்டெம்பரில், ஐந்து மீற்றர் தொலைவில் மற்றது வெளிப்பட்டது. 187 சென்ரிமீற்றர் நீளமும் 17 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட அது முதலாவதை விடச் சற்றுப் பெரியது. இரண்டிலும் உடைந்த இடங்களைப் பழுதுபார்த்த அடையாளங்கள் உண்டு. வெவ்வேறு காலத்தில் செய்தவற்றை இணைத்து யாரோ ஒருவர் பாவித்திருக்கிறார். இவ்வளவு காலம் அதனைக் காத்த பனி, புவி வெப்பமடைவதால் இல்லாதுபோகிறது என்பதாலேயே அது எங்கள் கைக்கு வந்தது.

ஒன்ராறியோ வாசகருக்கு நான் எழுதிய பதில் இதைவிடச் சுருக்கமானது. உங்கள் பகுதிக் குன்றுகள் உயரம் குறைந்தவை. அங்குள்ள பனியில் பெரும்பங்கு இயந்திரத்தால் தூவி இறுக்கப்பட்டது. கடைக்காரர் காட்டிய 96 மில்லிமீற்றர் அகலம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆழ்ந்த பனிக்குப் பொருந்தும், உங்களுக்கு 80ஐ அண்டியதே போதும். பதினைந்து வயதில் பையன் இன்னும் வளர்வான், ஆகவே இந்த ஆண்டு பருவகால வாடகைக்கு எடுங்கள் என்று எழுதினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. வாடகைக்கு எடுத்துவிட்டதாகவும், மகன் இரண்டு நாள் தம்மோடு பேசவில்லை என்றும், மூன்றாம் நாள் மலையிலிருந்து திரும்பி வந்தவன் சாப்பாட்டு மேசையில், "அப்பா, அங்க முழுக்க ஐஸ்தான்" என்று தானாகவே சொன்னதாகவும் எழுதியிருந்தார்.